தா-வுக்குப் பின் ஒரு புள்ளி

எடை இயந்திரத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் வயரின் பெயரை ஒரே ஒரு இடத்தில் மாற்றினால் போதும் என்றுதான் அன்று காலை உட்கார்ந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதும் அதையேதான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் டெஸ்டுகள் எல்லாம் ஷெல் ஸ்கிரிப்டுகள். கறுப்புத் திரையில் ஓடி, வண்டிகளை ஏற்றி எடைபோடும் எடைமேடைகளுக்கான எங்கள் மென்பொருளுக்குப் பழைய எடைகளைக் கொடுத்து, ரசீது சரியாக வருகிறதா என்று பார்ப்பவை. ஊருக்கு ஒரு ஃபைல். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் அதே வரிகள்: தற்காலிகமாக ஒரு ஃபோல்டரை உண்டாக்கு, அந்த ஊரின் மாதிரி எடைகளைக் கொண்டுவந்து போடு, எடை இயந்திரம்போல் நடிக்கும் பொய் வயர் ஒன்றை இழு, முடிந்ததும் எல்லாவற்றையும் அழி. ஒருமுறை எழுதியதை ஊர் ஊராக நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். அதனால் வயரின் பெயரையும் ஊர் ஊராக மாற்ற வேண்டியிருந்தது.

வாயில் சோற்றோடு சொன்னேன். "என்னக்கா இது, ஒரே தெருவுல நாலு வூட்டுல விசேஷம்னா நாலு பேரும் தனித்தனியா மூங்கி வெட்டப் போற மாதிரி இருக்கு. ஒரு பந்தக்காரரக் கூப்ட்டா ஆவாதா?"

சொல்லி முடிக்கும் முன்பே எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு ஸ்கிரிப்ட் முழுசாக என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. டப்பாவை அப்படியே மூடினேன்.

அக்கா என்று நான் கூப்பிடுவது ஆபீஸை நடத்துகிறவரை. பெரம்பலூரில் ஓர் உரக்கடையின் மாடிதான் ஆபீஸ். மென்பொருளை எழுதுவது அவர். அதைப் பென்டிரைவில் கொண்டுபோய் எடைமேடைகளில் போட்டுவருவது அண்ணன். இரண்டுக்கும் நடுவில் டெஸ்ட் ஓட்டுவது நான்.

"செய்யி. ஆனா சோத்தத் தின்னுட்டுச் செய்யி" என்றார் அக்கா.

பொது ஸ்கிரிப்டுக்குப் 'பந்தல்' என்றே பெயர் வைத்தேன். எந்த டெஸ்டும் முதல் வரியில் அதைக் கூப்பிட வேண்டியது, 'பந்தல் போடு' என்று ஆரம்பிக்க வேண்டியது, 'பந்தல் பிரி' என்று முடிக்க வேண்டியது. உற்சாகத்தில் இன்னொன்றும் செய்தேன். ஆங்கிலத்தில் குறுக்கி எழுதியிருந்த ஃபைல் பெயர்களை பஸ் போர்டில் இருக்கிற மாதிரி தமிழில் மாற்றினேன். செந்துறை, கல்லங்குறிச்சி, தா.பழூர். ஓடுகிற ஃபைலின் பெயரைப் பார்த்தே எந்த ஊர் எடைகளைப் போடுவது என்று பந்தல் முடிவெடுத்துக்கொள்ளும். ஃபைல் பெயரின் வாலில் ஒரு புள்ளியும் இரண்டு ஆங்கில எழுத்தும் இருக்கும். புள்ளியிலிருந்து வெட்டிவிட்டால் ஊர்ப்பெயர் மிஞ்சும். நடுநடுவே எச்சரிக்கை வரிகள் வந்து திரையை அசிங்கப்படுத்தின. அவற்றையும் கண்ணில் படாமல் திருப்பிவிட்டேன். திரையில் ஊர்ப்பெயரும் 'சரி'யும் மட்டும். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அண்ணன் விடவில்லை. படியேறி வரும்போதெல்லாம், "என்ன பந்தக்காரம்மா, வாழ மரம் கட்டியாச்சா? சீரியல் செட்டு போட்ருக்கியா?" என்பார்.

"உங்களுக்குத் தனியா சேர் போட்ருக்கண்ணே. பந்திக்கு மட்டும் லேட்டா வந்துடாதீங்க."

சிரிப்பார். ஆனால் தா.பழூர் என்று பேச்சு வந்தால் சிரிப்பு நின்றுவிடும். போன அறுப்பின்போது அங்கே நெல் டிராக்டர்கள் வரிசையில் நிற்க, நடுவில் மென்பொருள் உறைந்து நின்றுவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் அண்ணன்தான் திட்டு வாங்கினார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எடைமேடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த எடைமேடையைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தவரே அண்ணன்தான். "இந்தத் தடவயும் சொதப்புச்சுன்னா அந்த கேட்டுக்குள்ள நான் கால் வக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். அந்த உறைதலை அக்கா சரிசெய்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் நான் பந்தல் கட்டினேன்.

புதிய மென்பொருள் தயாரானது. டெஸ்டுகளை ஓட்டினேன். எல்லா ஊரும் சரி. அண்ணன் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினார். அங்கே இறங்கி வேறு பஸ் மாறிப் போக வேண்டும்.

அவர் போன பிறகு, அழகு பார்ப்பதற்காகவே இன்னொரு முறை ஓட்டினேன். செந்துறை என்று வந்தது. பொய் வயர் நிஜ இயந்திரம்போல மெதுவாகத்தான் எடையை அனுப்பும்; கொஞ்ச நேரம் எடுத்துச் 'சரி' என்றது. கல்லங்குறிச்சியும் அப்படியே. தா.பழூர் என்று வந்த கண்ணிமைப்பில் 'சரி'யும் வந்துவிட்டது.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அப்படியே. இருப்பதிலேயே அதிக ரசீது உள்ள ஊர் அது. திருப்பிவிட்டிருந்த எச்சரிக்கை வரிகளைத் திரைக்கே கொண்டுவந்தேன். ஒரே ஒரு வரி வந்தது: 'தா' என்றொரு ஃபோல்டர் இல்லை.

முதல் புள்ளியிலேயே வெட்டியிருக்கிறேன். தா-வுக்குப் பின்னால் இருக்கும் புள்ளி. மாதிரி எடைகள் வந்து சேரவே இல்லை. இருக்கிற ரசீதை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார் என்று சொல்லியிருந்தேன். ஒன்றும் இல்லை, எனவே தப்பும் இல்லை.

கடைசிப் புள்ளியில் வெட்டும்படி மாற்றி ஓட்டினேன். இப்போது மெதுவாக ஓடியது. பாதியில் 'தவறு' என்று நின்றது.

"அக்கா, இங்க வாங்களேன்."

என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தார். காலையில் நெல் ஏற்றி வந்த டிராக்டரே மத்தியானம் இரண்டாவது நடை வந்தால், புதிய மென்பொருள் புது ரசீது போடாமல் காலை ரசீதைத் திறந்து அதன்மேலேயே எழுதிவிடுகிறது. காலை எடை காணாமல் போய்விடும். மற்ற ஊர்களின் மாதிரிகளில் ஒரே வண்டி ஒரே நாளில் இருமுறை வருவதில்லை. தா.பழூரில் அறுப்பு நேரத்தில் எல்லா டிராக்டரும் அப்படித்தான்.

"என் தப்புதான். உறையாம இருக்கணும்னு அந்த இடத்த மாத்துனேன். நீ முதல்ல அவருக்குப் போன் போடு."

போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பப் போட்டேன். அதே குரல், அதே பொறுமை. பஸ் அரியலூரைத் தாண்டியிருக்கும். எங்கே சிக்னல் விட்டுப்போகும், எங்கே திரும்ப வரும் என்று மனசுக்குள் பாதையை ஓட்டிப் பார்த்துக்கொண்டே போட்டேன்.

"எடைமேடைக்காரர் நம்பர் உங்ககிட்ட இருக்குல்லக்கா. அவருகிட்ட சொல்லிடலாமா?"

"இருக்கு." அக்கா போனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் பெயரைத் தேடவில்லை. "அவருகிட்ட நாமளே சொன்னா இவரு அங்க போய் எறங்குறதுக்குள்ள அவரு வேற ஆளப் பாத்துடுவாருடி. இன்னும் கொஞ்சம் பாப்போம். எடுக்கலன்னா பேசித்தான் ஆவணும். நெல்லுக்காரங்க ரசீதுல விளையாட முடியாது."

இருவரும் நின்றுகொண்டே இருந்தோம். கீழே கடையில் மூட்டை இறக்குகிற சத்தம் ஒவ்வொரு முறையும் என்னைத் தூக்கிப்போட்டது. அக்கா எடைமேடைக்காரரின் பெயரைத் தேட ஆரம்பித்தபோது நான் போட்ட போனில் மணி போய், அண்ணன் எடுத்தார்.

"சொல்லு பந்தக்காரம்மா. இப்பதான் வந்து ஒக்காந்தேன்."

"அண்ணே, பென்டிரைவ சொருவிட்டீங்களா?"

"கையில வச்சிருக்கேன். பழசத் தூக்கிட்டு…"

"தூக்காதீங்க. எதையும் தொடாதீங்க. தா.பழூர் டெஸ்டு ஓடவே இல்லண்ணே, ஓடுன மாதிரி காட்டிருக்கு. ரெண்டாவது நட வர்ற டிராக்டருக்குக் காலையில போட்ட ரசீதே அழிஞ்சிடும்."

அந்தப் பக்கம் டிராக்டர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ, "என்ன சார், மாத்திட்டீங்களா? வண்டி நிக்கிதுல்ல" என்றார்கள். அண்ணன் நான் கேட்டே இராத ஒரு குரலில், "சரிங்க மேடம். வயரு, பிரிண்டரு ரெண்டையும் செக் பண்ணிட்டு வரேங்க மேடம்" என்றார்.

ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னை மேடம் என்றதில்லை. பக்கத்தில் நிற்கிறவர் காதில் விழுவதற்காகச் சொன்னது என்று போனை வைத்த பிறகுதான் புரிந்தது.

சாயங்காலம் அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"வயரப் பாக்கவா அவ்ளோ தூரத்துலேந்து வந்தீங்கன்னு கேக்குறாரு மனுசன். திங்கக்கிழம புதுசு போட்டுத் தரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுவரைக்கும் பழசு நிக்காம ஓடணும். நின்னுச்சுன்னா என் கத அவ்ளோதான். சரி, எங்க தப்பாச்சு?"

"ஒரு புள்ளிண்ணே."

"எந்தப் புள்ளி?"

"தா-வுக்கு அப்பறம் வர்ற புள்ளி."

"ஏம்மா, நான் ஒரு பஸ்ஸு முன்னாடி நிக்கிறேன். இதுல புள்ளிக்கு அப்பறம் ஒரு எடம் வுட்டுல்ல பழூர்னு எழுதிருக்கான். அத உன் பந்தல் தாங்குமா?"

தாங்காது. பெயருக்கு நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் ஷெல் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைக்க மேற்கோள் குறி போட்டிருக்க வேண்டிய பல இடங்களில் நான் போடவில்லை.

"திங்கக்கிழம நீயும் வர்ற" என்றார். "முன்னாடி நாளே அந்தத் தா.பழூர் வரி மெதுவா ஓடுறத என் கண்ணால பாக்கணும். அப்பறந்தான் பென்டிரைவு."

இரண்டாவது நடை ரசீதுப் பிழையை அக்கா சரிசெய்கிறார். என் வேலை பந்தலுக்கே ஒரு டெஸ்ட் எழுதுவது. மாதிரி எடைகள் வந்து சேரவில்லை என்றால் பந்தல் அங்கேயே கத்திக்கொண்டு நிற்க வேண்டும். எதையும் சரிபார்க்காத டெஸ்ட் 'தவறு' என்றே முடிய வேண்டும். அந்த டெஸ்டுக்கான முதல் மாதிரி ஃபோல்டரை இப்போதுதான் உண்டாக்கினேன். அந்த பஸ்ஸில் இருக்கிறபடியே பெயர்: தா, புள்ளி, ஓர் இடைவெளி, பழூர். இதை ஓட்டினால் பந்தல் சரியும் என்று தெரியும். எந்தக் கால் முதலில் சரிகிறது என்று பார்க்க வேண்டும்.