வடதாய்லாந்துக்குப் போய்வருபவர்

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், நோர்வேயில், நான் இருந்த ஸ்டோவ்னரிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் அவரைக் காண்பேன். நரைத்த மீசை, ஆரஞ்சு நிற வேலைச் சட்டை. மூங்கில் பெட்டியொன்றைத் திறந்து, கையில் ஒட்டும் சோற்றைச் சிறு உருண்டைகளாகப் பிடித்து, கறியில்லாமல் மெதுவாகச் சாப்பிடுவார்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "இது என்ன சோறு, அண்ணை?"

"தாய்லாந்துச் சோறு. என்ரை மனுசி அந்த நாட்டுக்காரி. அவதான் பழக்கினவ. இப்ப அவ இல்லை."

ஒவ்வொரு குளிர்காலமும் லீவு எடுத்து, தாய்லாந்தின் வடக்கே மலைகளுக்கு நடுவிலுள்ள மாமியாரின் ஊருக்குப் போவாராம். அறுவடை முடிந்த வயல்களையும் ஒரு புத்த கோயிலையும் தவிர, அங்கே பார்க்க ஒன்றுமில்லையாம்.

"மாமியோடை என்ன பாஷையிலை கதைப்பியள்?"

"நான் கதைக்கிறேல்லை. மனுசியோடை நோர்வேஜியன்தான் கதைச்சனான். மாமி பின்னேரத்திலை வாசல்லை இருந்து தன்ரை பாஷையிலை கதைச்சுக்கொண்டே இருப்பா. எனக்கு ஒண்டும் விளங்காது."

"பிறகேன் அவ்வளவு தூரம் போறியள்?"

அவர் பெட்டியை மூடினார். "அவவுக்கு மனுசியின்ரை குரல், தம்பி. கண்ணை மூடினா மனுசிதான் பக்கத்திலை இருந்து கதைக்கிறா."

அடுத்த நிலையத்தில் இறங்கிப் போய்விட்டார். நான் இல்லாதபோது ஊரில் இறந்துபோன அம்மாவின் குரலை, அன்று வழியெல்லாம் நினைத்துப் பார்த்தேன். முகம் உடனே வந்தது. குரல் மட்டும் வரவேயில்லை.