பக்கத்துத் தறி

அண்ணனிடம் "சோறு போடட்டுமா?" என்று கேட்பேன். பதில் வருவதற்குள் போட்டே விடுவேன். பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தட்டு பாதி காலியான பிறகு அவன் நிமிர்ந்து "போடு" என்பான். முதலில் சிரித்தேன், பிறகு எரிச்சல் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

1970களின் கடைசியில் அவனுக்கு மனச்சிதைவு நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் அடங்கின. மந்தம் மட்டும் போகவில்லை.

"நீங்க கேக்கறது அவருக்குப் புரியுது. பதில் வரத்தான் நேரமாவும். அவசரப்படாதீங்க" என்றார் டாக்டர். அவர் முடிப்பதற்குள் சரி சரி என்று எழுந்துவிட்டேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே மில்லில் அடுத்தடுத்த தறி. பல மாதம் லீவில் இருந்தவனை மேஸ்திரி ஒரு நாள் வரச் சொன்னார். அன்றைக்குத் தறியில் நின்று காட்டினால் வேலை உண்டு, இல்லையென்றால் கணக்கு முடித்துவிடுவார்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தால் தறியை உடனே நிறுத்த வேண்டும். தாமதித்தால் துணி பாழ்.

அண்ணன் தானே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான். மேஸ்திரி ஓடுகிற தறியில் வேண்டுமென்றே ஒரு நூலை அறுத்துவிட்டு அவனைப் பார்த்தார். அண்ணன் நூலைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் மில்லில் பக்கத்து ஆள் தண்ணீர் குடிக்கப் போனால் அவன் தறியையும் நாங்கள்தான் பார்த்துக்கொள்வோம். பத்து வருஷப் பழக்கம். என் கை தானாக நீண்டு அவன் தறியை நிறுத்திவிட்டது.

"அவன நிறுத்தச் சொன்னா நீ நிறுத்தற? ரெண்டு தறியையும் நீயே ஓட்டப் போறியா?" என்று இரைச்சலுக்கு மேல் கத்தினார் மேஸ்திரி. "வேணாம்பா, இவனுக்கு ஒத்து வராது. வூட்டுக்குக் கூட்டிக்கினு போ."

அண்ணனைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, வீடிருந்த கருவடிக்குப்பம் வரை மிதித்தேன். எனக்கு அவன்மேல்தான் கோபம். வீட்டுப் பூட்டைத் திறக்கப் போனபோது, "பாத்துட்டேன்டா" என்றான்.

"எத?"

சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் பதிலுக்காக நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"நூல் அறுந்தத. கை கெளம்பிடுச்சு. அதுக்குள்ள நீ நிறுத்திட்ட."

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. உள்ளே போய் அவனுக்குச் சோறு போட்டேன்.

அடுத்த வாரம் பக்கத்துத் தறிக்கு வேறு ஆள் வந்தான். அவன் தறியில் நூல் அறுந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவனே நிறுத்தினான்.