பம்பாய்க்கு எத்தினி வேள சோறு?

பம்பாய் எவ்ளோ தூரமா? அத மைல்ல சொன்னா ராயபுரத்துல யாருக்கும் புரியாது சார். என்ன மாதிரி டிக்கெட் கவுண்டர்ல குந்திகினு பேஜார்பட்டவங்களுக்குத் தெரியும், சனம் தூரத்த வேற மாதிரிதான் கேக்கும்: 'எத்தினி வேள சோறு கட்டணும்?' ரயிலுக்கும் கப்பலுக்கும் நான் கண்ண மூடிகினு சொல்லுவேன். நைட் ஸ்கூல்ல பூகோளம் பாஸ் பண்ணவன் ஆச்சே. நம்ப கடையில ஏரோப்ளேன் டிக்கெட் போட ஆரம்பிச்சதும்தான் கணக்கு ஒதச்சிது.

கிட்ட கீற பினாங்கு

வண்ணாரப்பேட்ட பாய் ஒருத்தரு, துணி யாவாரம். வருசா வருசம் கப்பல்ல பினாங்கு போவாரு, ஒரு வாரம் வாந்தி எடுத்துகினே. 'ப்ளேன்ல காலையில ஏறினா பொழுது சாஞ்சி அங்க தூங்கலாம் பாய்'னேன். சொவத்து மேப்பையே ரொம்ப நேரம் பாத்துகினு நின்னாரு. அப்பால மெதுவா சொன்னாரு: 'ஊரு கிட்டதான் கீது தம்பி. கப்பலுதான் தூரமா கீது.'

சோறு கட்டாத எடம்

அத்தக் கேட்டுகினு பெஞ்சுல குந்திகினு இருந்திச்சி மீன் விக்கிற ரெஜினாக்கா. கையில தந்தி. கப்பல்ல வேல செய்யிற புள்ள, மூணு வருசமா மூஞ்சியே பாக்கல. அவன் கப்பலு நாளிக்கி ஒரு நாளுதான் பம்பாய்ல நிக்குது. ரயில்ல போனா வெறுங்கடலத்தான் பாக்கலாம்.

'ப்ளேன்லயே போறேன். எத்தினி வேள சோறு நைனா?'

'சோறே வேணாங்கா. இங்க நாஷ்டா துன்னுட்டு ஏறினா, மத்தியான சோத்துக்கு அங்க கீற.'

அக்கா என்ன மொறச்சிப் பாத்திச்சி. காதுல கம்மல் இல்ல. அடகு வெச்ச துட்டோடதான் வந்துகீது.

'சோறு கட்டாத போற எடம் ஒண்ணுதான் கீது நைனா. கல்லற.'

வஞ்சிரக் கொழம்பு

டிக்கெட் போட்ட பாவத்துக்கு, மறுநா மீனம்பாக்கத்துக்கு நானே கூட்டிகினு போனேன். அக்கா கையில, பழம்பொடவையில நாலு சுத்து சுத்தின தூக்குல வஞ்சிரக் கொழம்பு. வாசனைக்கு ப்ளேன்காரங்க எறக்கி வுட்டுடுவாங்களோன்னு எனக்கு ஒதறலு. எறக்கல. ப்ளேனு எழும்பிச்சி, காக்கா சைஸ் ஆச்சி, புள்ளி ஆச்சி, காணாத பூட்ச்சி. மேப்புல ஸ்கேல் வெச்சி அளந்தவன்தான் நானு. ஆனாலும் வாயப் பொளந்துகினு வானத்தையே பாத்துகினு நின்னேன்.

திரும்பி ரயில்லதான் வந்திச்சி அக்கா. வூட்டுக்குக் கூட போவல, நேரா கவுண்டருக்கு. காலித் தூக்க என் முன்னால வெச்சிச்சி.

'புள்ளையப் பாத்தியாக்கா?'

தூக்கு மூடியத் தொறந்து காட்டிச்சி. அப்பால சொல்லிச்சி: 'கொழம்பு அங்கயும் வெதுவெதுன்னு இருந்திச்சி நைனா. புள்ள தொட்டுப் பாத்துட்டு, "யம்மா, நம்ப வூடு இந்தத் தெருவுக்குப் பின்னாலயா கீது"ன்னான்.'

இதோ, மொதலாளி கூப்புடுறாரு. மணலியில ஒரு எஞ்சினியருக்கு டிக்கெட் குடுத்துட்டு வரணுமாம். சைக்கிள எடுக்கறேன், நடுவுல ரயில்வே கேட்ட மூடிட்டான்னா, பம்பாய்க்கு வேணாம் சார், மணலிக்கு சோறு கட்டியாவணும்.