பதிவேட்டில் இல்லாத பதினெட்டாவது ஆள்

சென்ற ஆண்டு பெப்ரவரி ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பொகவந்தலாவைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் நடந்தது. அன்று காலை நாலேமுக்காலுக்கு எழுந்தேன். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ ஒரு கோப்பை. சாமி விளக்கு. ஐந்தரைக்கு முகச்சவரம். ஆறு மணிக்கு நிறுத்தற் கடிகாரத்தைச் சரிபார்த்து, பதிவேட்டையும் இரண்டு பேனாக்களையும் பையில் வைத்தேன். பனி இருந்தது, மழை இல்லை. இதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. இருபத்தாறு வருடங்களாக ஒரு நாள் விடாமல் எழுதி வருகிறேன்.

நான் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் எழுதும் கிளார்க். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்று தினமும் பதிவது என் தொழில். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் பாதிநாள் சம்பளம்தான். அதைத்தான் அரைப்பேர் என்பார்கள். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தால் சில நாட்களில் அதுவும் கிடைக்காது, திரும்பிப் போக வேண்டியதுதான்.

எங்கள் ஓட்டக் குழு ஆறு வருடங்களுக்கு முன் நான்கு பேரோடு தொடங்கியது. அப்போது ஊரே சிரித்தது. ஆறு நாளும் மலை ஏறி இறங்குவது போதாமல் ஏழாவது நாளும் ஓட வேண்டுமா என்று கேட்டார்கள். பிறகு கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர் வந்தார்கள், ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் வந்தார், தொழிற்சாலை ஆட்கள் வந்தார்கள். முந்தைய வருடம் ஹற்றனில் நடந்த ஓட்டத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. பெண்களில் மூன்றாவதாக வந்தவர் எங்கள் தோட்டத்துக் கொழுந்துக்காரி. அவருக்கு முப்பத்திமூன்று வயது. கணவர் கொழும்பில் கடை வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் கென்வஸ் சப்பாத்தோடு ஓடியே அந்த இடத்துக்கு வந்தார். நான் சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான்.

எனக்கு முழங்கால் வலி வந்தபின் ஓடுவதை விட்டு நேரம் குறிப்பவனானேன். விதிகளையும் நானே எழுதினேன். ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் ஓட்டத்துக்கு ஆறு பேர் போகலாம். தொடர்ந்து பத்து ஞாயிறு பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே அந்த ஆறு பேரில் இடம்பெறலாம். ஏழு மணிக்குப் பிந்தி வந்தால் அன்று பெயர் இல்லை. அந்தக் கொழுந்துக்காரிக்கு ஒன்பது ஞாயிறு முடிந்திருந்தது. அன்று பத்தாவது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால்தான் நாங்கள் கூடுவது வழக்கம். ஏழு மணிக்குப் பதினேழு பேரை எழுதி, விசில் ஊதி அனுப்பினேன். எட்டுப் பேர் சின்னச் சுற்று. நன்றாக ஓடக்கூடிய ஒன்பது பேர் மேல்பிரிவுக் கோயில் வழியாகப் பெரிய சுற்று. ஏழு ஒன்பதுக்கு அந்தக் கொழுந்துக்காரி மூச்சிரைக்க வந்து நின்றார். பாவாடையின் ஓரம் நனைந்திருந்தது.

"தண்ணிப் பீலி வரிசைல கடைசியா மாட்டிக்கிட்டேன் ஐயா. தண்ணி நூலு மாதிரி வருது. ஒம்போது நிமிசந்தானே, எழுதிக்கங்க, புடிச்சிருவேன்" என்றார்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். இன்று பெயர் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றேன். குரலை உயர்த்தவில்லை. அலுவலகத்தில் தினமும் சொல்வதுபோலவே சொன்னேன்.

"பெரட்டுலயாச்சும் அரைப்பேரு உண்டு" என்றார் அவர்.

முதுகு வலியால் அன்று ஓடாமல் உட்கார்ந்திருந்த ஆட்டோத் தம்பி சிரித்துவிட்டார். "ஐயாகிட்ட அரை கிரை எல்லாம் கெடையாதுக்கா, ஆண்டவனே லேட்டா வந்தாலும் திருப்பித்தான் அனுப்புவாரு" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. குனிந்து பதிவேட்டைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அந்தப் பெண் தான் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு இருபத்திரண்டுக்குக் கடைசி ஆள் வந்து சேர்ந்தார். பதினேழு பேர் போனார்கள், பதினேழு பேர் வந்தார்கள். பதினேழு 'சரி' போட்டு, கீழே கோடிழுத்து, பதிவேட்டை மூடினேன். பனிஸும் தேநீரும் கொடுத்து முடிந்ததும் எல்லோரும் கலைந்தோம். அந்தக் கொழுந்துக்காரி எங்கே என்று ஒருவர் கேட்டார். பிந்தி வந்ததால் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். 'தாமதம் ஒருவர். திருப்பி அனுப்பப்பட்டார்' என்று எழுதிய வரி இப்போதும் அப்படியே இருக்கிறது. பதினொன்று பத்துக்கு அவருடைய நாத்தனார் எங்கள் குவாட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, இன்னும் மீட்டிங் முடியலீங்களா? அண்ணிய காணோம்" என்றார்.

எந்த மீட்டிங் என்று கேட்டேன். அவர் விளக்கிச் சொன்னார். ஏழேகாலுக்கு அண்ணி வீட்டுக்கு வந்து, ஈரப் பாவாடையை மாற்றிக்கொண்டு, "பேரு போடாட்டி என்ன, ஓட்டம் ஓட்டந்தானே" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கக் குறுக்குப் பாதையால் மேல் ரோட்டுக்கு ஏறிப் போயிருக்கிறார். நேரமானதும், நுவரெலியா பயணத்தைப் பற்றிக் குழு பேசிக்கொண்டிருக்கும் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். வீட்டார் அவர் எங்களோடு இருப்பதாக நினைத்தார்கள். நாங்கள் அவர் வீட்டில் இருப்பதாக நினைத்தோம். அப்படியே நான்கு மணி நேரம் போயிருந்தது.

ஆட்டோத் தம்பி பெரிய சுற்று முழுவதும் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. கோயிலுக்கு அப்பால், டர்பன்டைன் மரங்கள் நிற்கும் வளைவில், ரோட்டில் குளவிகள் செத்துக் கிடக்கின்றன என்றார். மரத்தில் உள்ள கூட்டைப் பருந்து கலைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. குளவி கொட்டி இறந்தவர்களின் பெயர்களை என் கையாலேயே செக்ரோலிலிருந்து அடித்திருக்கிறேன்.

அலுவலகத்துக்கு ஓடி தேயிலை மலைகளின் வரைபடத்தை எடுத்து வந்தேன். மடுவத்து மேசையில் விரித்து ஆறாம் நம்பர் மலைக்கு இத்தனை பேர், ஏழாம் நம்பர் மலைக்கு இத்தனை பேர் என்று எழுதத் தொடங்கினேன். அதற்குள் லயத்திலிருந்து பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். யாரும் அழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் துணி துவைத்த ஈரக் கையோடு முப்பது பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் சின்னச் சுற்றில் ஓடுகிறவர், என் வயதுதான் இருக்கும்.

"பேப்பர மடிச்சு வைங்க ஐயா. நெரை புடிச்சுப் போவோம்" என்றார்.

கொழுந்து பறிக்கும்போது ஒவ்வொருவருக்கும் தேயிலையில் ஒரு நிரை. பக்கத்து நிரையில் இருப்பவர் தெரிகிறாரா என்று பார்த்துக்கொண்டே மேலே ஏறுவார்கள். அன்றும் அப்படியே நிரைக்கு ஒருவராக நின்றார்கள். தலைக்கும் கைக்கும் சாக்கைச் சுற்றி, கொழுந்துக்குப் போகும்போது கட்டும் படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். கடைசி நிரை எனக்கு. சத்தம் போட்டால் குளவி மறுபடி கலையும் என்பதால் மெல்லிய குரலில் பக்கத்து ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் பதில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பத்தடிக்கு ஒரு முறை இப்படிப் பெயர்கள் வரிசையாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயின. இடையிடையே காணாமற்போனவரின் பெயரும் போனது. அதற்குப் பதில் வரவில்லை.

ஒவ்வொரு முறையும் கடைசியில் என் முறை வந்தது. பக்கத்து நிரைப் பெண்ணுக்கு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. "ஐயா" என்றார். "இருக்கேன்" என்றேன். அத்தனை வருடம் பிறர் பெயரைக் கூப்பிட்டு எழுதியவனை, இருக்கிறேனா என்று அறிய ஒருவர் கூப்பிட்டது அன்றுதான்.

பன்னிரண்டு இருபதுக்கு, நிரைகளின் நடுவில் ஒரு குரல் நின்றது. ரோட்டுக்குக் கீழே நாலாவது வடிகானில், பன்னச் செடிகள் மூடிய இடத்தில், அவர் குப்புறக் கிடந்தார். கொட்டத் தொடங்கியதும் தேயிலைக்குள் பாய்ந்து, கானில் விழுந்து, கால் பிசகி எழ முடியாமல், மேல்சட்டையை இழுத்துத் தலையை மூடியிருந்தார். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண என்னால் முடியவில்லை. கென்வஸ் சப்பாத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மூச்சு இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த படங்குகளை அவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து அவரைக் கிடத்தி, ஆறு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்ற ஆட்டோவரை ஏறினார்கள். ஒருவர் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். "கண்ண மூடாதடி. தண்ணி நான் புடிச்சு வச்சுட்டேன்டி. மூடாத."

வைத்தியசாலையில் இளம் வைத்தியர் ஒருவர் சிங்களத்தில் என்னிடம் கேள்விகள் கேட்டார். வயது சொன்னேன். வேறு நோய் இல்லை என்றேன். எத்தனை மணிக்குக் கொட்டியது என்று கேட்டார். அவரைத் திருப்பி அனுப்பியது ஏழு ஒன்பது. மற்றப் பதினேழு பேரும் வந்த நேரம் விநாடி வரை என் பையில் இருந்தது. இந்த ஒருவர் எப்போது விழுந்தார், எவ்வளவு நேரம் கிடந்தார் என்று எங்குமே எழுதப்படவில்லை. தெரியாது என்றேன். வைத்தியர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனார். எண்பதுக்கு மேல் குளவிக் கொடுக்குகள் எடுத்ததாகத் தாதி பிறகு சொன்னார். காலைவரை எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். நாத்தனார் அங்கேயே தங்கிக்கொண்டார். கடைசி பஸ்ஸில் நான் வீடு திரும்பினேன். அன்று இரவு நாட்குறிப்பைத் திறந்தேன், எழுத வரவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வாசிப்பவர்கள் தவிக்க வேண்டாம். அவர் பிழைத்தார். கணுக்கால் தேற நாலு மாதம் ஆனது. நுவரெலியா ஓட்டத்துக்கு அந்த வருடம் எங்கள் குழுவிலிருந்து யாரும் போகவில்லை. யாரும் தீர்மானம் போடவில்லை, யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான். பத்து ஞாயிறு விதியை எடுத்துவிட்டோம். இந்த வருடம் அவர் மறுபடி பெரிய சுற்று ஓடுகிறார். முன்பிருந்த வேகம் இல்லை, ஆனால் ஏற்றத்தில் இன்னமும் அவரை யாரும் பிடிக்க முடியாது. அந்த வளைவு வந்தால் மட்டும் வேகத்தைக் குறைத்து மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கடக்கிறார்.

மறுநாள் திங்கட்கிழமை. முதல் வேலையாக, தேநீர்கூட வைக்காமல், ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து வைத்தியசாலைக்குப் போனேன். அவர் விழித்திருந்தார். ஒரு கண் மட்டும் கொஞ்சம் திறந்தது. கட்டிலருகே நின்று, தப்பு என்னுடையதுதான், அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாது என்றேன். வார்த்தைகளை பஸ்ஸிலேயே யோசித்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்.

உதடு வீங்கியிருந்ததால் அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"போகச் சொன்னது பெருசில்ல ஐயா. நான் எங்கிட்டுப் போறேன்னு ஒரு தடவ பாத்திருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. தாதி வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் யாரையாவது வேண்டாமென்று திருப்பி அனுப்ப நேர்ந்தால், அவர் தம் வீட்டு வாசலில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அது போதுமா என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.