மெட்ராஸ் காலேஜ் மாப்பிள்ளை

ஏலக்காய் மூட்டை ஏற்றப் போனபோது தேனி ரயிலடியில் அவரைப் பார்த்தேன். மெட்ராஸ் காலேஜுக்கென்றே தைத்த கம்பளிக் கோட்டை ஆனி வெயிலிலும் கழற்றாமல், நொடிக்கொருதரம் தூசி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிரங்குப் பெட்டியோடு அவருடைய மாமனார். மதுரைக் காலேஜில் சேர அன்றுதான் கடைசி நாள். வண்டி வந்தும் மாப்பிள்ளை ஏறவில்லை.

"மெட்ராஸ்ல இடம் கெடைக்கட்டும், மாமா."

"வருசக்கணக்கா இதத்தானே சொல்றீக? ஒங்க தம்பி மதுரையில படிச்சு வக்கீலாவே ஆயிட்டாரு, மாப்ள!"

"மெட்ராஸ் காலேஜ் மாப்ளைன்னு ஊரெல்லாம் சொல்லித்தானே பொண்ணு குடுத்தீக? இப்ப மதுரைன்னா, சின்னவளுக்கு வந்திருக்க சம்பந்தம் நிக்குமா?"

மாமனார் யோசித்தார். பிறகு பெட்டியைத் தாமே தலையில் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். வண்டி கிளம்பிவிட்டது.

நான் கோட்டுக்காரரிடம் போனேன். "வயசு போகுதேண்ணே" என்றேன்.

"காலேஜு எங்கயும் போகலையே, தம்பி. நீங்க எதுவரைக்கும் படிச்சீக?"

"எட்டாவதோட நிறுத்திட்டேன்."

"அப்படியா? எந்தக் காலேஜுக்காக நிறுத்தி வச்சிருக்கீக?"

அவர் கேலி செய்யவில்லை. அப்படி ஒரு மரியாதையை அதற்கு முன்னும் பின்னும் எனக்கு யாரும் தந்ததில்லை. பொய்யாக ஒரு காலேஜ் பேரையாவது சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் கிடந்து தவிக்கிறேன்.