சங்கிலியில் தொங்கிய மோட்டார்

என் மனைவியின் தம்பி அமல்ராஜை நான் கடலில் கொன்றிருப்பேன். மாதா காப்பாற்றினாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1976 நவம்பர் மாதக் கடைசி. தூத்துக்குடிக் கரையில் எனக்கு ஒரு வத்தை, சின்னப் பாய்மரப் படகு, இருந்தது. இரண்டு பேர் போய் வலை போடலாம். அதன் பின்பலகையில் ஐந்து எச்.பி. மோட்டார் மாட்டியிருந்தேன். மற்றவர்கள் எனக்கு முன்னால் மீனோடு ஏலத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்து வயிறு எரிந்தது. பழையதைக் கொடுத்துவிட்டுப் பதினைந்து எச்.பி. மோட்டார் வாங்கினேன். தச்சர் வந்து பின்பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"இது தாங்காது அண்ணாச்சி. உள்ள ஒரு கட்டை வச்சு போல்ட்டு போடணும். ரெண்டு நாள் பொறுங்க."

எனக்கு இரண்டு மணி நேரம் பொறுக்கவில்லை. நானே மாட்டி முறுக்கினேன்.

போதாததற்கு இன்னொரு புத்திசாலித்தனம். திருட்டுப் பயத்தில், இரும்புச் சங்கிலி போட்டு மோட்டாரை வத்தையின் குறுக்குப் பலகையோடு சேர்த்துப் பூட்டினேன். சாவியை வீட்டில் மாதா படத்துக்குக் கீழே மாட்டினேன், அவள் காவலில் இருக்கட்டும் என்று. நடுக்கடலில் பூட்டைத் திறக்க வேண்டி வரும் என்று யாருக்குத் தோன்றும்?

மறுநாள் விடிந்ததும் அமல்ராஜும் நானும் புறப்பட்டோம். அவனுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தது. பழைய பாயைத் தூக்கி வத்தைக்குள் போட்டான். "மோட்டார் இருக்கையில இது எதுக்குல?" என்று கேலி செய்தேன். "கிடக்கட்டும் அத்தான்" என்றான்.

மோட்டார் பறந்தது. வழக்கமான தூரத்தைத் தாண்டிப் போனோம். மதியத்துக்குமேல் வாடைக் காற்று பலத்தது. கரைக்குத் திருப்பினோம். அலை பின்னாலிருந்து அடித்தது. மோட்டாரின் கனத்தில் வத்தையின் பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்துதான் இருந்தது. நாலைந்து அலை தாங்கியிருக்கும். பின்பலகை மடாரென்று பிளந்தது. மோட்டார் கழன்று தண்ணீரில் விழுந்து, சங்கிலியில் தொங்கியது.

அப்படியே தொலைந்து போயிருந்தால் பிழைத்திருப்போம். தொங்கிக்கொண்டு வத்தையைக் கீழே இழுத்தது. ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் உள்ளே வந்தது. ஒருவன் இழுத்தால் மோட்டார் அசையவில்லை. இரண்டு பேரும் இழுத்தால் தண்ணீர் இறைக்க ஆளில்லை. சங்கிலியை நங்கூரத்தால் அடித்தேன். கத்தியால் குறுக்குப் பலகையை அறுத்தேன். கத்திதான் முறிந்தது. கை மரத்துப்போனது. செய்ய ஒன்றுமே இல்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

"மாதாவே, மோட்டார விட்ராத தாயே. மோட்டாரக் காப்பாத்திக் குடு."

அமல்ராஜ் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து இறைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை.

"மோட்டாருக்கா வேண்டுதிய, அத்தான்?"

வெட்கத்தில் செத்துப்போனேன். அதற்குப் பிறகு எனக்குச் செபம் வரவில்லை. பாதி அருள்நிறை மந்திரம்கூட நினைவில் இல்லை. "இவன கரை சேத்துரு தாயே, இவன மட்டும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சங்கிலியைப் பிடித்திருந்த கை தானாக விட்டது.

அடுத்த அலை வத்தையைத் தூக்கிப் போட்டது. குறுக்குப் பலகை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு, சங்கிலி, பூட்டு, மோட்டார் எல்லாம் கடலுக்குள் போனது. பின்பக்கம் ஒரு முழம் எழும்பியது. ஆணி துருப்பிடித்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். பத்து வருடம் அசையாத ஆணி அது.

பிளந்த பலகையில் வலையைத் திணித்தோம். பாயை விரித்தோம். இருட்டுமுன் எங்கள் கரை தவறித் தெற்கே பழையகாயல் பக்கம் ஒதுங்கினோம். மணலில் விழுந்து முத்தமிட்டேன்.

ஊர் வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் என் மாமியார் நின்றார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம் பிள்ளயக் கொண்டாந்து சேத்துட்டிய மருமவனே" என்று அழுதார்கள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

மூன்று வருடம் ஆகிறது. இப்போது மறுபடி ஐந்து எச்.பி.தான் ஓட்டுகிறேன், தச்சர் சொன்னபடி கட்டை வைத்து. பாய் இல்லாமல் போவதில்லை. ஏலத்துக்குக் கடைசியாகத்தான் வருகிறேன்; அதனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. தினமும் மாலையில் குடும்பமாகச் செபமாலை சொல்கிறோம்.

கஷ்டத்தில் இருக்கிற சகோதர சகோதரிகளே, கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காமல் தாயிடம் போங்கள். தப்பாகக் கேட்டவனையே அவள் தள்ளவில்லை. எதையாவது இறுகப் பிடித்திருந்தால், அதைக் கைவிடவும் அவளே பலம் தருவாள்.

என் மாமியாருக்கு இப்போது கண் தெரியாது. இதை அமல்ராஜ்தான் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவான். மூன்று வருடமாக அவனும் உங்களிடம் சொல்லவில்லை, மாமி. அன்றைக்கு நான் முதலில் கேட்டது உங்கள் பிள்ளையை அல்ல.