திசையிலி வீட்டுச் சம்பந்தம்

உத்திரமேரூர் உரக்கடையில் கணக்கெழுதும் பாண்டுரங்கன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பயங்கரமான ஆள். சென்னை நாளிதழ் ஒன்றில் 'திசையிலி' என்ற பெயரில் பத்தி எழுதினார். அதில் சாராயம் குடித்தார், சுடுகாட்டில் படுத்தார், டிக்கெட் இல்லாமல் ரயிலேறி ஊர் ஊராகச் சுற்றினார். மற்ற நாட்களில் பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு வந்து, மோர் சோறு தின்று, மப்ளர் கட்டிக்கொண்டு படுத்தார்.

அந்தப் பாடெல்லாம் பட்டவர் மனைவி தாயாரம்மாளின் அண்ணன் முனிரத்தினம். எப்போதாவது வந்து கறிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு அவர் சொன்னதையெல்லாம் பாண்டுரங்கன் தான் பட்டதாக அச்சேற்றினார். குடித்துக் குடித்தே முனிரத்தினம் செத்த வாரமும் பத்தி நிற்கவில்லை. அந்த வாரம் திசையிலி குடியை விட்டுத் திருந்தினார். வாசகர்கள் உருகிப்போனார்கள். தாயாரம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்து, அந்தத் தாளைக் கருவாடு மடிக்க எடுத்துக்கொண்டாள்.

இப்போது மகள் இளமதிக்கு ஓரிக்கையிலிருந்து வரன் வந்தது. பையன் ஸ்ரீகாந்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தடையாக நின்றவர் பையனின் பெரியப்பா பச்சமுத்து. திசையிலியை ஒரு வாரம் விடாமல் ரசித்துப் படித்தவர் அவர். படிக்க நன்றாகத்தான் இருந்தது, பெண்ணின் அப்பாவே அந்தத் திசையிலி என்று தெரிந்ததும் சம்பந்தம் வேண்டுமா என்று யோசித்தார். விசாரித்து வருகிறேன் என்று பஸ்ஸேறிவிட்டார்.

டீக்கடையில்தான் விசாரணை. பின் பெஞ்சில் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருந்தவர்தான் பாண்டுரங்கன் என்று பச்சமுத்துவுக்குத் தெரியாது.

"அவரா குடிப்பாரு? இருமல் டானிக்கே சம்சாரம் ஊத்திக் குடுத்தாதான் குடிப்பாரு சார்," என்றார் கடைக்காரர் கலைச்செல்வன். "செங்கல்பட்டு தாண்டுனா அவருக்கு வவுத்தால போவும். தங்கமான மனுசன்."

பெண்ணைப் பெற்றவருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. ஆனாலும் பாண்டுரங்கனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரும்பாடுபட்டுச் சேர்த்த கெட்ட பெயரை ஒரு டீ ஆற்றும் நேரத்தில் காலி பண்ணிவிட்டானே.

குறுக்கு வழியாக வீட்டுக்கு ஓடி, பையன் வீட்டுக்காரர் வருவதைச் சொன்னார்.

"எல்லாம் கட்டுக்கதன்னு ஒத்துக்கினு கம்முனு இருங்க," என்று தாயாரம்மாள் சொல்லி முடிப்பதற்குள் பச்சமுத்து வந்துவிட்டார்.

"விசாரிச்சிட்டேன் சார், மனசு ஆறிச்சி. எழுதுனதெல்லாம் சும்மாதான?"

கதவோரம் இளமதி ஒட்டுக்கேட்டுக்கொண்டு நின்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் முடிந்த மாதிரி. பாண்டுரங்கன் ஒரு வார்த்தையோடு என்றைக்கு நிறுத்தியிருக்கிறார்.

"கற்பன சார். ஒவ்வொரு வரியும் என் சொந்தக் கற்பன. நெசத்துல எவனால அப்படி வாழ முடியும்?"

பச்சமுத்து மகிழ்ந்துபோய், வழக்கமாகக் கேட்பதையும் கேட்டார். "பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு? கல்யாணப் பத்திரிகையில பேரு போடணுமே."

"அவரு இல்லீங்க, தவறிட்டாரு. அத்த வுடுங்க," என்றார் பாண்டுரங்கன் அவசரமாக.

தாயாரம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று ஆகிவிட்டது.

"வாரா வாரம் நீங்க படிச்சீங்களே, அவருதாங்க தாய்மாமன். எங்க அண்ணன் முனிரத்தினம். குடிச்சது அவரு, சுத்துனது அவரு, சுடுகாட்டுல படுத்ததும் அவரு. கடைசியில திருந்துனது மட்டும்தான் இவரு கற்பன."

பச்சமுத்து நாற்காலியைத் தாயாரம்மாள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"செத்துப்போனா இன்னாம்மா? அவரு பேர மொதல்ல போடுங்க. அந்தச் சுடுகாட்டு விசயம், அது நெசமா எப்படி நடந்துச்சி? சொல்லுங்க."

இளமதி காபி கொண்டுவந்து கொடுத்தாள். பாண்டுரங்கனிடம் அதன்பிறகு பச்சமுத்து எதையுமே விசாரிக்கவில்லை.